ஒற்றாடல் தெரிந்த உளவுப் படங்களும் தொடர்களும்

திருக்குறளில் ஒற்றாடல் என்று தனி அதிகாரமே இருக்கிறது, 59ஆவது. அதிலுள்ள பத்துக் குறளிலும் ஒற்றன் ஒரு தடவைகூட வாளை உருவுவதில்லை. பார்ப்பவர் ஐயப்படாத தோற்றம், எவர் உற்று நோக்கினாலும் கலங்காத கண், என்ன நேர்ந்தாலும் மனத்தில் உள்ளதைக் கக்கிவிடாத உறுதி: 585ஆம் குறள் அவனிடம் கேட்பது இந்த மூன்றைத்தான். பின்னால் வரும் குறள்கள், அவன் கொண்டுவந்த செய்தியை எப்படிச் சோதிப்பது, ஒற்றரை ஒற்றர் அறியாமல் எப்படி வைத்திருப்பது, வேலை முடித்தவனுக்கு ஏன் ஊரறியச் சிறப்புச் செய்யக் கூடாது என்று போகின்றன. நல்ல உளவுப் படத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது. ஜேம்ஸ் பொண்ட், மிஷன் இம்பொஸிபிள் எல்லாம் சண்டைப் படங்கள். சண்டைப் படமாகப் பார்த்தால் அவற்றில் குறை சொல்லத் தேவையில்லை. இங்கே பேசப்போவது உளவு வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு எடுக்கப்பட்டவற்றைப் பற்றி.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். புலனாய்வு நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர் அதிகாரி. இரகசியத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்: எதிரி நாட்டு அமைச்சில் கோப்பு அடுக்குபவர், தூதரகத்தில் தட்டச்சு செய்பவர், தளபதியின் வீட்டில் சமைப்பவர். அப்படியொருவரைக் கண்டுபிடித்து, பழகி, வழிக்குக் கொண்டுவந்து, பிறகு பல வருடம் பிடிபடாமல் காப்பாற்றி வைத்திருப்பதுதான் அதிகாரியின் வேலை. வழிக்குக் கொண்டுவர நான்கு பிடிகளைச் சொல்வார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், தன்முனைப்பு. கதாநாயகனே சுவரேறிக் குதித்துப் பெட்டகத்தை உடைக்கிறான் என்றால் எழுதியவருக்கு இந்த அடிப்படை தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நான்கு பிடிகளையும் பொறுமையாகக் காட்டிய தொடர் ‘தி அமெரிக்கன்ஸ்’ (2013–2018, ஆறு சீசன், 75 எபிசோட்). அதை உருவாக்கிய ஜோ வைஸ்பேக் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயில் வேலை செய்தவர். 2010 ஜூன் மாதம் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களைப் போல வாழ்ந்துகொண்டிருந்த ரஷ்ய உளவாளிகள் பத்துப் பேர் கைதானார்கள். அந்தச் செய்தியிலிருந்து பிறந்த கதையை அவர் 1980களுக்குக் கொண்டுபோனார். வொஷிங்டனின் புறநகரில் பிள்ளைகுட்டிகளோடு பயண முகவர் நிலையம் நடத்தும் தம்பதியர் இருவரும் சோவியத் உளவு நிறுவனமான கேஜிபியின் அதிகாரிகள்.

இரண்டாவது எபிசோடை மட்டும் எடுத்துப் பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் கஸ்பர் வைன்பேகரின் வீட்டு வாசிப்பறையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க வேண்டும். செயலாளரை நெருங்க முடியாது, வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. ஆனால் அந்த அறைக்குத் தினமும் போய்வரும் பணிப்பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு நஞ்சேற்றிவிட்டு, மாற்று மருந்து வேண்டுமானால் அறையிலிருக்கும் மணிக்கூட்டை எடுத்து வா என்கிறார்கள். எடுத்து வந்தால் போதாது. கருவியைப் பொருத்திய பிறகு அதே இடத்தில் அவளே திருப்பி வைக்க வேண்டும். அவள் பக்தி உள்ளவள், மறுக்கிறாள். அந்த மறுப்புத்தான் எபிசோடின் உயிர். மிரட்டலால் பிடிக்கப்பட்டவர் எந்த நேரமும் உடையக்கூடியவர் என்பது உளவு நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அது கடைசிப் பிடி. இந்தத் தம்பதியருக்கோ அவகாசம் இல்லை, மேலிடம் அவசரப்படுத்துகிறது. பின்னால் நடக்கும் பல கேடுகளும் இதே அவசரத்திலிருந்துதான் முளைக்கின்றன.

மணிக்கூட்டுக் கதை மிகையாகத் தோன்றினால் நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 1945இல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரச முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். அது தூதரின் வாசஸ்தலத்திலேயே தொங்கியது. உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது 1952இல்தான் தெரியவந்தது. அதில் பற்றரியும் இல்லை, வயரும் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர் பெற்றது. மற்ற நேரங்களில் வெறும் உலோகமாகவே கிடந்ததால் ஏழு வருடமாகச் சோதனைகளில் அகப்படவில்லை.

வேடத்தைப் பற்றிப் பேசுவதென்றால் பிரெஞ்சுத் தொடரான ‘த பியூரோ’வுக்கு (2015–2020, ஐந்து சீசன், 50 எபிசோட்) நிகராக எதையும் சொல்ல முடியவில்லை. எரிக் ரொஷான் உருவாக்கியது. பிரான்ஸின் வெளிநாட்டுப் புலனாய்வு நிறுவனத்தில், பொய்ப் பெயரில் வருடக்கணக்காக வேற்று நாட்டில் வாழ்பவர்களைக் கவனிக்கும் ஒரு பிரிவைப் பற்றியது. கதாநாயகன் டமஸ்கஸில் ஆறு வருடம் இருந்துவிட்டுப் பாரிஸுக்குத் திரும்புகிறான். டமஸ்கஸில் காதலித்த பெண்ணும் பாரிஸுக்கு வருகிறாள். விட்டுவிட வேண்டிய பழைய பெயரிலேயே அவளைச் சந்திக்கப் போகிறான். ஐந்து சீசனும் இந்த ஒரு பிழையிலிருந்துதான் கிளைவிடுகிறது. இன்னொரு பக்கம், ஓர் இளம் பெண் ஈரானுக்குப் போகத் தயார்ப்படுத்தப்படுகிறாள். அவளுடைய வேடம் நிலநடுக்க ஆய்வாளர். அந்தத் துறையில் உண்மையாகவே அவள் வேலை செய்ய வேண்டும், போட்டியிட்டு இடம் பிடிக்க வேண்டும், அந்தத் துறைக்காரர் கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். குறள் சொல்லும் ‘ஐயப்படாத தோற்றம்’ ஒட்டுத்தாடியால் வருவதில்லை என்பதற்கு இவளுடைய பயிற்சிக் காட்சிகளே போதும்.

தூண்டில் போடுவது இன்னொரு கலை. ஜோன் லு கரேயின் 1963ஆம் ஆண்டு நாவலைத் தழுவி மார்ட்டின் ரிட் 1965இல் எடுத்த ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ கறுப்பு வெள்ளைப் படம். ரிச்சர்ட் பேர்ட்டன் நடித்த லீமஸ், எதிரிப் பக்கத்துக்குத் தாவத் தயாரானவனைப் போல நடிக்க வேண்டும். நேரே போய்க் கதவைத் தட்டினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆகவே வேலை போகிறது, குடி கூடுகிறது, நூலகமொன்றில் சொற்பச் சம்பளத்துக்கு இருக்கிறான், கடன் தர மறுத்த பலசரக்குக் கடைக்காரரை அடித்துச் சிறைக்குப் போகிறான். வெளியே வந்ததும் எதிரி தானாகவே தேடி வருகிறான். தூண்டில் வெற்றி பெறுவது, மீன் தன் கெட்டித்தனத்தால் இரையைக் கண்டுபிடித்ததாக நினைக்கும்போதுதான். இந்தப் படத்தின் கடைசி அரை மணி நேரத்தை யாரிடமும் முன்கூட்டிக் கேட்டுவிடாதீர்கள்.

லு கரே பிரித்தானியாவின் உள்நாட்டு, வெளிநாட்டு உளவு நிறுவனங்களான எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் இருந்தவர். அவருடைய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’தான் இந்த வகையின் உச்சம். பிபிசி 1979இல் ஏழு பகுதித் தொடராக எடுத்தது, அலெக் கினஸ் நடித்தார். 2011இல் தோமஸ் அல்ஃபிரெட்சன் படமாக எடுத்தார், கரி ஓல்ட்மன் நடித்தார். தலைமையகத்தில் உயர் மட்டத்தில் ஒரு துரோகி இருக்கிறான். ஓய்வில் அனுப்பப்பட்ட ஜோர்ஜ் ஸ்மைலி இரகசியமாக அவனைத் தேடுகிறார். கம் ஃபில்பி என்ற எம்ஐ6 அதிகாரி நெடுங்காலம் சோவியத்துக்கு உளவு சொல்லிவிட்டு 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து மொஸ்கோவுக்குத் தப்பியோடியது இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் காயம்.

இதைப் பார்க்கும்போது இரண்டு குறள்களைக் கையில் வைத்திருக்கலாம். ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுக் கொள் என்கிறது 588. ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்கிறது 589. கதையில் இலண்டன் தலைமையகம் செய்தது நேர் எதிர். மெர்லின் என்ற ஒரேயொரு மூலத்திலிருந்து அருமையான தகவல்கள் வருகின்றன. அந்த மூலம் யார் என்பது நான்கு பேருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் வேறு யாரையும் சோதிக்க விடுவதில்லை. சந்தேகப்பட்ட தலைவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். தகவல் தரமாக இருப்பதே அது உண்மை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. பெரிய புலனாய்வுத் தோல்விகள் பலவும் இந்த வாய்பாட்டில்தான் நடந்திருக்கின்றன.

ஸ்மைலி செய்யும் விசாரணை முழுவதும் பழைய கோப்புகளும் பழைய ஆட்களும்தான். இரண்டு வடிவத்திலும் மூச்சைப் பிடித்துப் பார்க்க வேண்டிய காட்சி, சொந்தத் தலைமையகத்திலிருந்தே ஒரு பதிவேட்டைத் திருடும் காட்சி. பீட்டர் கில்லம் ஆவணக் காப்பகத்துக்குள் போகிறான். பையை வாசலில் ஒப்படைக்க வேண்டும், கையொப்பமிட வேண்டும். உரிய நேரத்தில் வெளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. கவனம் அந்தப் பக்கம் திரும்பும் சில வினாடிகளே அவனுக்குக் கிடைக்கும். அது முடிந்ததும் மேல் மாடிக்கு அழைத்து அவனை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு துப்பாக்கியும் இல்லை. இருந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு படியும் எங்கே தவறக்கூடும் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பலர் இதைப் பாதியில் விட்டுவிடுவது பெயர்கள் குழம்புவதால். ஒரு தாளில் அலலைன், ஹேடன், பிளாண்ட், எஸ்டர்ஹேஸ் என்று சந்தேகத்துக்குரிய நால்வரையும் எழுதி வையுங்கள். ‘சேர்க்கஸ்’ என்றால் தலைமையகம், ‘லாம்ப்லைட்டர்ஸ்’ என்றால் பின்தொடர்வது முதலான துணை வேலைகளைச் செய்பவர்கள், கார்லா என்பது மொஸ்கோவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டுவிப்பவன். இவ்வளவு தெரிந்தால் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டிவிடலாம். தொடரை முதலில் பாருங்கள், படத்தைப் பிறகு. 127 நிமிடப் படம் நிறையத் தாவுகிறது, கதையை அறிந்தவர்களுக்கே அதன் நுட்பம் முழுவதும் பிடிபடும். ஸ்மைலி கார்லாவை முன்பு டெல்லியில் சந்தித்ததை ஓல்ட்மன் ஒரு வெற்று நாற்காலியைப் பார்த்துச் சொல்கிறார். தொடரிலோ பற்றிக் ஸ்டூவர்ட் கார்லாவாக வந்து ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனி அனுபவம்.

அதே ஓல்ட்மன் இப்போது ‘ஸ்லோ ஹோர்சஸ்’ தொடரில் (2022 முதல், சீசனுக்கு ஆறு எபிசோட்) எம்ஐ5இல் தவறிழைத்தவர்களை ஒதுக்கிவைக்கும் அழுக்குக் கட்டடம் ஒன்றின் தலைவராக வருகிறார். வேகமும் சிரிப்பும் உண்டு. உளவுத் தொடர் என்றாலே தூக்கம் வரும் என்பவர்களை இதிலிருந்து தொடங்க வைக்கலாம்.

கேட்ட செய்தியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரே பெரும் படம் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பலாவின் ‘த கொன்வர்சேஷன்’ (1974). சனக்கூட்டம் நிறைந்த சதுக்கத்தில் நடந்துகொண்டே பேசும் இருவரின் உரையாடலை மூன்று ஒலிவாங்கிகள் பிடிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோவொரு சொல் வாத்திய இசையில் தொலைந்துபோகிறது. ஜீன் ஹக்மன் நடித்த ஒட்டுக்கேட்கும் நிபுணர் மூன்று நாடாக்களையும் ஒன்றாக ஓட்டி, வடிகட்டி, ஒரு வசனத்தை மீட்டெடுக்கிறார். சொற்கள் அத்தனையும் சரியாகக் கிடைக்கின்றன. அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறது என்பதில்தான் அவர் சறுக்குகிறார்.

ஜேர்மன் படமான ‘த லைவ்ஸ் ஒஃப் அதர்ஸ்’ (2006) கேட்பவனின் மனத்தைக் காட்டுகிறது. கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸான ஸ்டாசியில் 1989இல் முழுநேர ஊழியர்களே ஏறத்தாழ 91,000 பேர். விசாரிக்கப்பட்டவர் அமர்ந்திருந்த கதிரையின் துணியைப் போத்தலில் அடைத்து, மோப்ப நாய்களுக்காகச் சேர்த்து வைக்கும் காட்சி கற்பனை அல்ல. ஆனால் படத்தின் மையத்தில் ஒரு பிசகு இருக்கிறது. ஓர் அதிகாரி தனியாளாக ஒருவரைக் கண்காணித்து, அறிக்கையை மாற்றி எழுதி, அவரைக் காப்பாற்றும் அளவுக்கு ஸ்டாசியில் இடம் இருக்கவில்லை. வேலை துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒருவர் மீது இன்னொருவர் கண் வைத்திருக்கும்படிதான் அமைக்கப்பட்டிருந்தது. 589ஆம் குறளின் முதல் அடியை அவர்கள் கொடூரமாக நிறைவேற்றியிருந்தார்கள். இதை அறிந்துகொண்டு பார்த்தால், படம் ஒரு மனிதனைப் பற்றிய விருப்பக் கனவு என்பது விளங்கும். அப்போதும் அதன் அழகு குறைவதில்லை.

ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் மறைத்ததை நீயே வெளிப்படுத்தியவனாவாய் என்கிறது 590. ‘ஆர்கோ’ (2012) இதற்குப் பொருத்தமான உதாரணம். 1980 ஜனவரியில் தெஹ்ரானில் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்களை, படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த கனேடிய சினிமாக் குழுவினராகக் காட்டி சிஐஏயின் ரொனி மென்டெஸ் வெளியே கொண்டுவந்தார். அதற்காக ஹொலிவுட்டில் உண்மையாகவே அலுவலகம் திறந்து பத்திரிகையில் விளம்பரமும் போட்டார்கள். அவருக்குக் கிடைத்த பதக்கம் இரகசியமாகவே இருந்தது. அவருடைய பங்கு பகிரங்கமானது 1997இல். படத்தின் கடைசியில் விமானத்தைத் துரத்தும் வாகனங்கள் இட்டுக்கட்டியவை. உண்மையில் விமானத்தின் தொழில்நுட்பக் கோளாறால் சிறு தாமதம் ஏற்பட்டது, பிறகு பறந்துவிட்டது. ஆறு பேரையும் வீட்டில் வைத்துக் காப்பாற்றிய கனேடியர்களின் பங்கையும் படம் சுருக்கிவிட்டது.

கொழும்பில் இருப்பவர்கள் இந்தத் தொழிலைத் தொலைதூரத்துச் சங்கதி என்று நினைக்கத் தேவையில்லை. சிங்கப்பூரிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியக் குறியீடு உடைப்பாளர்கள் 1942இன் தொடக்கத்தில் இங்கேதான் வந்து இறங்கினார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய பிறகு பெரும்பாலானோர் மொம்பாசாவுக்குப் போய், பின்னர் திரும்பி வந்தார்கள். எச்எம்எஸ் அண்டர்சன் என்ற பெயரில் கொழும்பில் இயங்கிய நிலையம் ஜப்பானியக் கடற்படையின் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர்தான் கப்பல், இருந்தது தரையில். 1944இல் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது சிஐஏயின் முன்னோடியான ஓஎஸ்எஸ் கண்டியில் அலுவலகம் போட்டது. அங்கே இரகசிய ஆவணங்களின் பதிவகத்தை நடத்தியவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். பிற்காலத்தில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற சமையற்கலைஞரானவர் அவரே. வந்த செய்திக்கு இலக்கமிட்டு, அட்டவணைப்படுத்தி, உரியவரின் மேசைக்குப் போகவைப்பது: யுத்தத்தின் பெரும்பகுதி உளவு வேலை இதுதான். இந்த வரலாறு தெரிந்தவர்கள் ‘தி இமிடேஷன் கேம்’ (2014) பார்க்கும்போது சங்கடப்படுவார்கள். ஜேர்மனியரின் எனிக்மா குறியீட்டை உடைக்கும் இயந்திரத்தைப் பிரித்தானியக் கணிதவியலாளர் அலன் ரூரிங் தனியொருவராகக் கட்டியெழுப்பியதாக அது காட்டுகிறது. 1932இலேயே எனிக்மாவுக்குள் நுழைந்த போலந்துக் கணிதவியலாளர்களுக்கு அதில் உரிய இடமில்லை.

ஜப்பானியக் குண்டு வீழ்ந்த இன்னொரு நகரம் சென்னை, 1943 ஒக்டோபர் 11. அந்த நாளை வைத்து எஸ். பாலசந்தர் ஏவிஎம்முக்காக எடுத்ததுதான் ‘அந்த நாள்’ (1954). வானொலிப் பொறியியலாளர் ஒருவர் சுடப்பட்டு இறக்கிறார், ஆளுக்கொரு விதமாகச் சாட்சி சொல்கிறார்கள். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் தன் நாயக வெளிச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடித்திருக்கிறார். எழுபது வருடம் கழித்தும் தமிழில் அதைத் தாண்டிய உளவுக்கதை வரவில்லை. ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), சுஜாதா எழுதிய ‘விக்ரம்’ (1986) எல்லாம் பொண்ட் பாணிக் கேளிக்கைகள்.

இந்தியத் தொடர்களில் ‘தி ஃபமிலி மேன்’ பற்றி நமக்குள் மனத்தாங்கல் உண்டு, அது நியாயமானது. 2021 ஜூனில் வந்த இரண்டாவது சீசனில் ஈழத்தமிழ்ப் போராளி ராஜியாக சமந்தா வருகிறார். அதைத் தடுக்கும்படி தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. ஈழத்து மக்களின் அரசியல் வெறும் வன்மமாகச் சுருங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காதுக்கும் மட்டக்களப்புக் காதுக்கும் ஒட்டாத பேச்சு. அதே தொடரில், உளவு அதிகாரியின் வீட்டுப் பிணக்கும் சம்பளக் கணக்கும் உண்மையாக எழுதப்பட்டிருக்கின்றன. ‘மட்ராஸ் கஃபே’ (2013) இடைமறித்துக் கேட்ட செய்திகள் கையில் இருந்தும் ஓர் அமைப்பு எப்படிக் கோட்டை விடும் என்பதை நன்றாகக் காட்டுகிறது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கு அதில் முகமே இல்லை. உளவு வேலை ஒருத்தியை உள்ளிருந்து எப்படி அரித்துத் தின்னும் என்று பார்க்க விரும்பினால் மேக்னா குல்சாரின் ‘ராஸி’ (2018) இவை இரண்டையும்விட மேல்.

எந்தப் படத்திலும் போலியை இனங்காண ஒருசில இடங்கள் போதும். பின்தொடரும் வாகனம் ஒன்றேயொன்று என்றால் போலி. நிஜத்தில் பலர் மாறி மாறி வருவார்கள், முன்னாலும் பக்கத் தெருவிலும்கூட. மங்கலான படத்தைப் பெரிதாக்கி வாகன இலக்கத்தைப் படிப்பது நடக்காது, பதிவாகாத விவரத்தை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. சைலன்ஸர் மாட்டிய துப்பாக்கி இருமல் அளவு சத்தம் போடாது. ஏறக்குறைய 20 முதல் 35 டெசிபெல் வரைதான் குறையும், அடுத்த அறைக்கு நன்றாகவே கேட்கும். பொய் கண்டறியும் கருவியை இறுதித் தீர்ப்பாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். சோவியத்துக்கு விலைபோன சிஐஏ அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸ் அதை இரண்டு தடவை கடந்து போனவர்.

இனி, பார்ப்பதற்கான கணக்கு. வீட்டில் எல்லாரும் கூடியிருந்து பார்க்க ‘பிரிட்ஜ் ஒஃப் ஸ்பைஸ்’ (2015) பொருத்தம். சோவியத் உளவாளி றுடோல்ஃப் ஏபலும் அமெரிக்க விமானி பவர்ஸும் 1962 பெப்ரவரி 10இல் பேர்லின் பாலத்தில் பரிமாறப்பட்ட கதை. தொடக்கத்தில் ஏபல் நாணயத்தைச் சவர அலகால் பிளக்கும் காட்சியைக் கவனியுங்கள். அப்படியொரு பொள்ளல் நாணயம் 1953இல் நியூயோர்க்கில் பத்திரிகை விற்ற பையனின் கையிலிருந்து விழுந்து பிளந்தது. உள்ளே இருந்த இலக்கங்களை உடைக்க 1957 வரை ஆனது. ‘த லைவ்ஸ் ஒஃப் அதர்ஸ்’, ‘தி அமெரிக்கன்ஸ்’, ‘த பியூரோ’ மூன்றிலும் படுக்கையறைக் காட்சிகள் உண்டு, சிறுவர்களோடு வேண்டாம்.

டேட்டாவையும் பார்க்க வேண்டும். நெட்பிளிக்ஸ் சொல்லும் கணக்கில் சாதாரணத் தெளிவுக்கு மணிக்கு 1 ஜிபி வரை, எச்டிக்கு 3 ஜிபி வரை போகும். ‘தி அமெரிக்கன்ஸ்’ முழுவதும் ஏறக்குறைய 56 மணித்தியாலம். எச்டியில் 170 ஜிபி கிட்டத்தட்ட வந்துவிடும். இரவு டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்வது புத்தி. எந்தத் தளத்தில் எது இருக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறுவதால் தேடிப்பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள். கொழும்பு 7இலுள்ள கேதே நிறுவனமும் அலியான்ஸ் ஃபிரான்ஸேயும் ஜேர்மன், பிரெஞ்சுப் படங்களைத் திரையிடுவதுண்டு, அவர்களுடைய நிகழ்ச்சி நிரலையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம்.

மொழிமாற்றிய ஒலியைத் தவிர்த்து மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். ‘த பியூரோ’வில் ஒருவர் பிரெஞ்சிலிருந்து அரபுக்கு எப்போது மாறுகிறார் என்பதே கதை. டப்பிங்கில் அது காணாமல் போய்விடும். ‘த கொன்வர்சேஷ’னுக்கு மட்டும் ஹெட்போன் கட்டாயம், மூன்று நாடாக்களும் ஒன்று சேரும் இடம் டிவி ஸ்பீக்கரில் கேட்காது.